இல்லாத நாட்டின் திரைப்படத்தைச் சர்வதேச விருதுக்கு அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் நாட்டின் பெயர் தொர்வே. மக்கள்தொகை 6 லட்சம். நடுவில் ஊல் என்று ஒரு பெரிய ஏரி, அதன் இரு கரையிலும் ஊர்கள். கோடையில் படகு போகும். நடுக்குளிரில் ஏரி இறுகி உறைந்துவிடும், பனியின் மேலேயே வண்டிச்சாலை போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம் இருக்கிறது. படகு விட முடியாத அளவுக்குப் பனி, வண்டி விட முடியாத அளவுக்குத் தண்ணீர். அந்த ஐந்து வாரமும் ஒரு கரைக்காரர்கள் மறுகரையின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் தொர்வேயின் பள்ளிக்கூடச் சுவர்களில் இரண்டு வரைபடங்கள் மாட்டியிருக்கும், கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று.

இந்த நாட்டை ஒன்பது வருடமாக நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போல உலகம் முழுக்கப் பலர் இருக்கிறார்கள். ஆங்கில நாவலாசிரியர்களான பிராண்டே சகோதரிகளும் அவர்களுடைய சகோதரனும் சிறுவயதில் ஆங்கிரியா, கோண்டால் என்று நாடுகளை உருவாக்கி, அவற்றின் அரசியலையும் போரையும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2002இல் மாக்ஸ் பாரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் தொடங்கிய ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ விளையாட்டு இந்தப் பொழுதுபோக்கை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இப்போது கற்பனை நாடுகள் ஒன்றோடொன்று ஒப்பந்தம் போடுகின்றன, கால்பந்து ஆடுகின்றன, பாட்டுப் போட்டி நடத்துகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது திரைப்பட விருது. ஒரு நாடு விழாவை நடத்தும், மற்ற நாடுகள் தங்கள் படங்களை அனுப்பும். யாரும் கேமராவைத் தொடுவதில்லை. படம் என்பது ஒரு பரிந்துரைப் பக்கம்தான்: தலைப்பு, மொழி, நீளம், கலைஞர்கள், கதைச்சுருக்கம், தேர்வுக் குறிப்பு, முடிந்தால் ஒரு போஸ்டர். அந்த ஒரு பக்கத்தைப் படித்தவர், அப்படியொரு படம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்ப வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, போன முறை நான் அனுப்பிய படத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நாடு, அப்புறம்தான் படம்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கதையை யோசித்துவிட்டு, அதன்மேல் நாட்டின் பெயரை ஒட்டுவார்கள். அந்தக் கதை எந்த நாட்டிலும் நடக்கலாம் என்பதால் படிப்பவர் மனதில் நாடு நிற்காது. தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் நாட்டில் மட்டுமே இருக்கிற ஒரு சிக்கல் என்ன, ஒரு வேலை என்ன, ஒரு பருவம் என்ன என்று பட்டியல் போடுங்கள். எனக்கு அந்த ஐந்து வாரம் கிடைத்தது.

அடுத்தது சினிமாத் துறையின் அளவு. 6 லட்சம் பேர் வாழும் நாடு வருடத்துக்கு 200 படம் எடுக்காது. எத்தனை திரையரங்குகள், படப்பிடிப்புக் கருவிகள் எங்கிருந்து வருகின்றன, டிக்கெட் விற்றுப் பணம் திரும்புமா, அரசு மானியம் உண்டா என்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள். வெளியே காட்ட வேண்டியதில்லை, உங்களுக்காகத்தான். தொர்வேயில் வருடத்துக்கு நாலைந்து படம் வரும், அரங்குகள் 11.

சின்ன நாடு என்பதற்காகத் தயங்க வேண்டாம். பூட்டானின் மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் குறைவு. அங்கிருந்து வந்த ‘லுனானா’ என்ற படம், ஓர் எட்டாக்கை மலைக் கிராமத்தின் பள்ளிக்கூடத்தையும் வகுப்பறையில் கட்டியிருக்கும் ஒரு யாக் மாட்டையும் பற்றியது. அந்த ஊரில் மின்சார இணைப்பு இல்லாததால் சூரிய ஒளியில் மின்கலங்களை ஏற்றிப் படம் பிடித்தார்கள். ஆஸ்காருக்கு முதல் தடவை அனுப்பியபோது படம் ஏற்கப்படவில்லை. காரணம் படத்தில் இல்லை, பூட்டானில், ஆஸ்காரை வழங்கும் அகாடமி அங்கீகரித்த தேர்வுக் குழு கிடையாது. மறுவருடம் குழு அமைத்து மறுபடி அனுப்பினார்கள். 2022இல் இறுதிப் பரிந்துரை பெற்ற ஐந்து படங்களில் ஒன்றாக வந்து நின்றது. கற்பனை நாட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு படத்துக்கு முன்னால் ஒரு நாடே தன்னை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

விதிமுறையை இரண்டு முறை படியுங்கள்

விழா நடத்தும் நாடு விதிகளை அறிவித்திருக்கும். பெரும்பாலும் ஆஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவை ஒட்டித்தான் இருக்கும், அதனால் அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பிரிவு போட்டி விருதாக ஆனது 1956ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. ஒரு நாட்டின் தேர்வுக் குழு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே தயாரித்திருக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் திரையரங்கில் தொடர்ந்து ஏழு நாளாவது ஓடியிருக்க வேண்டும். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும். வருகிற படங்களிலிருந்து இப்போது 15 படங்களைச் சலித்து எடுத்து, அதிலிருந்து ஐந்தைப் பரிந்துரைக்கிறார்கள். 2019இல் பிரிவின் பெயரை ‘வெளிநாட்டு மொழிப் படம்’ என்பதிலிருந்து ‘சர்வதேசப் படம்’ என்று மாற்றினார்கள், ஆனால் மொழி விதி அப்படியே இருந்தது.

அந்த மொழி விதி நிஜத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். 2019இல் நைஜீரியா முதன்முறையாக ‘லயன்ஹார்ட்’ என்ற படத்தை அனுப்பியது. வசனம் பெரும்பாலும் ஆங்கிலம் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம்தான். மறுவருடம் கனடா அனுப்பிய ‘ஃபன்னி பாய்’ படத்துக்கும் அதே கதி. கதை நடப்பது இலங்கையில், தமிழும் சிங்களமும் பேசுகிறார்கள், ஆனாலும் ஆங்கிலம் பாதியைத் தாண்டிவிட்டது.

உங்கள் கற்பனை உலகில் ஆங்கிலம் இருக்கிறதா? இல்லையென்றால், அந்த இடத்தில் இருப்பது எந்த மொழி? விழா நடத்தும் நாட்டின் மொழியா, பழைய பேரரசு ஒன்றின் மொழியா? இதை விழா நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது, தங்கள் உலகில் கடல் வாணிகத்தால் பரவிய ஒரு பொதுமொழி உண்டு, அது பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று பதில் வந்தது. உடனே எனக்கு ஒரு காட்சி கிடைத்தது. படத்தில் சாலைத்துறை அதிகாரி ஒருவர் மட்டும் அந்தப் பொதுமொழியில் பேசுவார், கரையில் நிற்பவர்கள் புரியாததுபோல் நிற்பார்கள்.

பெயர்கள்

ஒரு பக்கத்தில் 12 பெயர்களாவது வரும். 12உம் ஒரே ஊரில் பிறந்தவை மாதிரி ஒலிக்க வேண்டும். முழு மொழியை உருவாக்க உட்கார வேண்டாம், ஒலிகளை மட்டும் முடிவு செய்தால் போதும். எந்த எழுத்தில் சொல் தொடங்கும், எதில் முடியும், எந்த ஒலி அந்த மொழியில் கிடையவே கிடையாது என்று ஐந்தாறு விதி. மொழியே உருவாக்குகிற ஆர்வம் இருந்தால் நம் கண் முன்னால் ஒரு முன்மாதிரி இருக்கிறது: 2015இல் வந்த ‘பாகுபலி’யின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி. அதன் சொற்கள் நமக்குப் புரியாது. ஆனாலும் நாக்கைச் சொடுக்கும் அந்த ஒலிகள், வந்திருப்பது வேறொரு கூட்டம் என்று கேட்டவுடன் உணர்த்திவிட்டன.

தொர்வேயின் கிழக்குக் கரையில் பேசுவது ஹேன் மொழி, மேற்கில் தொர்வி. ஹேனில் பெயர்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும் என்று வைத்திருக்கிறேன்: ஓர்னா, ஹேஸ்மா, துலே. தொர்வியில் பெரும்பாலும் மெய்யில் முடியும்: கார்டென், விஸ்மார். பட்டியலைப் படிக்கிறவருக்கு இந்த விதி தெரியாது. ஆனால் கதாநாயகி ஒரு கரை, ஒளிப்பதிவாளர் மறுகரை என்பது காதில் விழுந்துவிடும்.

குடும்பப் பெயர் முறையையும் யோசியுங்கள். எல்லாருக்கும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று வைத்தால் எந்த நாடும் ஐரோப்பாவாகிவிடும். ஐஸ்லாந்தில் பெரும்பாலும் அப்பா பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ சேர்த்ததுதான் இரண்டாவது பெயர். நமக்கும் முன்னெழுத்து அப்பாவினுடையதுதானே. ஹேன் மக்களுக்கு நான் பிறந்த பருவத்தைப் பெயரோடு சேர்த்தேன். இயக்குநர் ‘துலே இடைக்குளிர்’, அதாவது அந்த ஐந்து வாரத்தில் பிறந்தவர்.

நிஜ நடிகர்களை உங்கள் படத்தில் நடிக்க வைக்காதீர்கள். நிஜ முகம் வந்தவுடன் கற்பனை நாடு காணாமல் போய்விடும். நிஜ மனிதர்களின் பெயரை இப்படி எடுத்தாள்வதும் சரியில்லை.

கதைச்சுருக்கம்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

விருதுக்கு 30 நாடுகள் போட்டியிட்டால், வாக்களிப்பவர் 30 கதைச்சுருக்கங்களைப் படிக்கிறார். பத்தாவதைத் தாண்டியதும் கண் அலுத்துவிடும். என் முதல் வரைவு இப்படி இருந்தது:

“கடமைக்கும் பாசத்துக்கும் நடுவில் சிக்கித் தவிக்கும் ஒரு பெண்ணின் உணர்ச்சிமிக்க போராட்டம். இயற்கையின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை நெஞ்சைத் தொடும் வகையில் சொல்லும் காவியம்.”

இதில் படம் இல்லை, படத்தைப் பற்றிய பாராட்டுத்தான் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அனுப்பியது இது:

“ஏரி உறையத் தொடங்கி 22ஆம் நாள். கிழக்குக் கரையிலுள்ள ஹேஸ்மா ஊரின் பனி அளப்பவள் ஓர்னா, விடிவதற்கு முன் ஏரிக்குள் நடந்து போய் 17 இடத்தில் துளை போட்டு அளவுகோலை இறக்குகிறாள். எல்லாத் துளையிலும் 12 விரற்கடை வந்தால்தான் அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து விழுந்தால்தான் சாலை திறக்கும். 16 துளைகளில் 12 வந்துவிட்டது. கடைசித் துளையில் 11. மேற்குக் கரையில் அவள் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். ஊரே வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கரையில் நிற்கிறது. 31 வருடத்துக்கு முன் அவள் அப்பா கையெழுத்துப் போட்ட பக்கம் அதே பதிவேட்டில் இருக்கிறது. அதை இன்றுவரை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.”

படத்தின் பெயர் ‘பன்னிரண்டு விரற்கடை’, 94 நிமிடம். இரண்டு வரைவுக்கும் நடுவில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதலில் வேலை. ஓர்னாவை வெறும் ஊர்த்தலைவியாக வைத்திருந்தேன். ‘பனி அளப்பவள்’ என்று மாற்றியதும் அவள் கையில் ஒரு துளைப்பான் வந்தது, அளவுகோல் வந்தது, பதிவேடு வந்தது, அதிகாலை வந்தது. அப்புறம் அளவு. தெளிவான, இறுகிய பனி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம், கார் போக 20 முதல் 30 வரை வேண்டும் என்பது குளிர்நாடுகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 12 விரற்கடை நம் கணக்கில் ஒரு சாண், ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். ஆக, 12 என்பது வண்டிக்குச் சரியாக விளிம்பில் நிற்கிற அளவு, 11 என்பது வாதாட இடம் கொடுக்கிற அளவு. ஐந்து என்று வைத்திருந்தால் ஊரில் யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள், கதையே இல்லை. இப்படிச் சின்ன விஷயங்களை நிஜ உலகக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் படித்தாலும் தலையை ஆட்ட வேண்டும்.

மூன்றாவது, முடிவைச் சொல்லக் கூடாது. ஓர்னா கையெழுத்துப் போட்டாளா என்று இன்றுவரை எனக்கு அஞ்சல் வருகிறது.

நான்காவது, அந்த 17ஆவது துளை. ஆரம்பத்தில் ‘பனி போதுமான தடிமன் இல்லை’ என்றுதான் எழுதியிருந்தேன். ஒரே ஒரு துளை மட்டும் ஏமாற்றுகிறது என்று வைத்ததும் ஊரின் கோபத்துக்கு நியாயம் கிடைத்தது. ஒரு பொருள், ஓர் எண், ஓர் இடம். ஒரு முழு நாட்டை அதில் ஏற்றி வைக்கலாம். 2021இல் இந்தியா அனுப்பிய ‘கூழாங்கல்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தகிக்கும் வெயிலில் அப்பாவும் பையனும் ஊருக்கு நடந்து போகிறார்கள். தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்குப் போய் அதை எடுத்து வைக்கும்போது அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்களைப் பார்க்கிறோம். எத்தனை தடவை இப்படி நடந்திருக்கிறான் என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

150 சொல்லுக்குள் முடியுங்கள். முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். ‘உணர்ச்சிமிக்க’, ‘நெஞ்சைத் தொடும்’, ‘காவியம்’ எங்காவது ஒளிந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

தேர்வுக் குழுவைக் கூட்டுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த விளையாட்டின் உயிரே இதுதான். நாட்டுக்கு ஒரு படம் என்றால், போகாத படங்களும் இருக்கின்றன. எதை அனுப்பினார்கள் என்பதோடு எதை அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த நாட்டின் மனசு தெரியும்.

2013இல் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ போகும் என்று எல்லாரும் எதிர்பார்த்தபோது, இந்தியா ‘தி குட் ரோட்’ என்ற குஜராத்திப் படத்தை அனுப்பியது. 2023இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனை ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ படத்துக்குக் கிடைத்தது. பிரான்ஸ் அதை விட்டுவிட்டு ‘தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’ என்ற சமையல் படத்தை அனுப்பியது. விடப்பட்ட படம் தன் வழியில் போய் ஆஸ்காரில் சிறந்த படத்துக்கான பரிந்துரையும், அசல் திரைக்கதைக்கான விருதும் வாங்கி வந்தது. 2024இல் கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வென்ற ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ இருக்கும்போது, இந்தியா ‘லாபத்தா லேடீஸ்’ படத்தைத் தேர்ந்தெடுத்தது. இந்தியப் பெண்களைப் பற்றித் தேர்வுக் குறிப்பில் இருந்த வாசகம் தனிச் சர்ச்சையானது. ஒவ்வொன்றிலும் எது நம் நாட்டின் படம், வெளியே எந்த முகத்தைக் காட்ட வேண்டும் என்ற விவாதம்தான் நடந்தது.

உங்கள் நாட்டிலும் இந்த விவாதம் நடக்கட்டும். குறைந்தது இரண்டு போட்டிப் படங்களை உருவாக்குங்கள், தலைப்பும் இரண்டு வரிக் கதையும் போதும். குழுவில் யார் யார், அவர்களை நியமித்தது யார், வாக்கு எப்படிப் பிரிந்தது என்று எழுதுங்கள். தொர்வேயின் குழுவில் ஒன்பது பேர், ஐந்து பேர் மேற்குக் கரை, நான்கு பேர் கிழக்கு. எதிரில் நின்ற படம் ‘கொடிக்கம்பம்’: விடுதலைப் போராட்டக் கதை, தொர்வி மொழி, 158 நிமிடம், நாடு முழுக்கப் பெரிய வெற்றி. எல்லாரும் அதுதான் போகும் என்று நினைத்தார்கள். கடைசியில் 5–4 என்று கிழக்குக் கரைப் படம் வென்றது. அப்படியென்றால் மேற்கைச் சேர்ந்த ஒருவர் மாறி வாக்களித்திருக்கிறார். யார் என்று நான் எழுதவில்லை. தேர்வுக் குறிப்பின் கடைசி வரியில் இதை மட்டும் வைத்தேன்: “உறுப்பினர்களில் மூவர் இளமையில் பனிச்சாலையில் லாரி ஓட்டியவர்கள் என்பதைக் குழு பதிவு செய்கிறது.”

கதைச்சுருக்கத்தைவிட இந்த வரிக்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன.

குறிப்பின் நடை அரசாங்க நடையாக இருக்கட்டும். நாட்டில் எந்த அமைப்பு இதை வெளியிடுகிறதோ அதன் குரல். அமைச்சகமா, தயாரிப்பாளர் சங்கமா, மன்னரின் கலைச்சபையா? இந்தியாவில் இதைச் செய்வது பிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா என்ற திரைத்துறை அமைப்பு, வேறு சில நாடுகளில் அரசே குழுவை நியமிக்கிறது. யார் கையில் இந்த அதிகாரம் இருக்கிறது என்பதே உங்கள் நாட்டைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிடும்.

கூட்டுத் தயாரிப்பும் எல்லைத் தகராறும்

நண்பரின் நாட்டோடு சேர்ந்து படம் எடுக்கலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் எந்த நாட்டின் பெயரில் போகிறது என்பதை முதலிலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்காரில் உருகுவேயின் பெயரில் வந்த ‘எ பிளேஸ் இன் தி வேர்ல்ட்’ கடைசி ஐந்தில் இடம்பிடித்த பிறகு நீக்கப்பட்டது. படம் உண்மையில் அர்ஜென்டினாவினுடையது, உருகுவேயின் கலைப் பங்களிப்பு போதாது என்றார்கள். நம் விளையாட்டிலும் இதே மாதிரிப் புகாரைப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல நட்பு இரண்டு மாதம் பேச்சில்லாமல் போனது.

சர்ச்சைக்குரிய பகுதிகள் அனுப்பும் படங்கள் இன்னும் நுட்பமானவை. ‘பாரடைஸ் நவ்’ படம் 2006 ஆஸ்காரில் பரிந்துரை பெற்றபோது அதன் நாட்டுப் பெயரை எப்படி எழுதுவது என்பதே பெரிய விவாதமானது. கடைசியில் விழாவில் ‘பாலஸ்தீனப் பகுதிகள்’ என்று அறிவித்தார்கள். ஹாங்காங் தனியாகப் படம் அனுப்புகிறது. டென்மார்க்கின் ஆளுகைக்குள் இருக்கும் கிரீன்லாந்தும் தன் பெயரில் அனுப்பியிருக்கிறது. உங்கள் நாட்டில் பிரிவினை கேட்கும் மாகாணம் இருந்தால், அது தனியாகப் படம் அனுப்ப முயல்வதை ஒரு செய்திக் குறிப்பாக எழுதிப் பாருங்கள். ஆனால் நிஜத்தில் மக்கள் இரத்தம் சிந்திக்கொண்டிருக்கும் ஒரு தகராறை அப்படியே பெயர் மாற்றிக் கொண்டுவராதீர்கள். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவர் உங்கள் பக்கத்தைப் படிக்கக் கூடும்.

மற்ற பிரிவுகள்

நடிப்பு, ஒளிப்பதிவு, இசை, ஒலி, உடை என்று பல பிரிவுகள் திறந்திருக்கும். எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கத் தோன்றும். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு காட்சியைக் காரணமாகச் சொல்லுங்கள். ‘சிறப்பான ஒலியமைப்பு’ என்று எழுதினால் யாருக்கும் காது கேட்காது. நான் எழுதியது: “படத்தில் பின்னணி இசை இல்லை. துளைப்பான் பனியைத் தாண்டித் தண்ணீரைத் தொடும்போது வரும் சத்தம் 17 தடவை கேட்கிறது. கடைசித் தடவை மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது.” ஒலிப் பிரிவில் விருது கிடைத்தது.

போஸ்டர்

கையால் வரைந்தது போதும், பென்சில் கோடானாலும் பரவாயில்லை. தலைப்பை உங்கள் நாட்டு மொழியிலும் எழுதுங்கள், வரிவடிவம் உருவாக்கியிருந்தால் அதில். இணையத்திலிருந்து யாரோ ஒருவரின் புகைப்படத்தை எடுத்துப் போடாதீர்கள்.

அனுப்பிய பிறகு

கடைசி நாளுக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். விழா நடத்துபவர் தன் சொந்த நேரத்தில் இதைச் செய்கிறார், 30 பக்கங்களைத் தனியாளாகச் சரிபார்க்கிறார். கடைசி நிமிடத்தில் அனுப்பிவிட்டுத் திருத்தம் கேட்பது அவருக்குப் பெரிய தொல்லை.

வாக்களிக்கும்போது எல்லாப் படங்களையும் படியுங்கள். சொந்த நாட்டுக்கு வாக்கு கிடையாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி, யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும் அப்படித்தான். கூட்டணி நாடு என்பதற்காக வாக்குப் போடும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புதிதாக வந்த ஒருவர், யாரையும் தெரியாத ஒருவர், அருமையான ஒரு பக்கத்தை எழுதியிருப்பார். அவருக்கு ஒரு வாக்குக்கூட விழாவிட்டால் அடுத்த முறை வரமாட்டார், அவருடைய நாடும் அதோடு நின்றுவிடும். பிடித்த படத்துக்கு வாக்கோடு இரண்டு வரி எழுதியும் அனுப்புங்கள். எந்தக் காட்சி பிடித்தது என்று குறிப்பாக.

முடிவு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. படத்தை நாட்டுக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். கனடா 2024இல் அனுப்பிய ‘யுனிவர்சல் லாங்குவேஜ்’ படத்தில் வின்னிபெக் நகரமே பாரசீகம் பேசுகிறது. நிஜ நாடு ஒன்று, தன்னைத்தானே கற்பனை நாடாக்கிக்கொண்ட ஒரு படத்தை அதிகாரபூர்வமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பியது, அது 15 படப் பட்டியல்வரை போனது. அதைப் பார்த்த பிறகு, படம் என் நாட்டை என்ன செய்யும் என்று நானும் எழுதத் தொடங்கினேன்.

‘பன்னிரண்டு விரற்கடை’ மூன்றாவது இடம் பிடித்தது. அடுத்த குளிரில் தொர்வேயின் அரசிதழில் ஓர் ஆணை வந்தது: பனி அளப்பவர்களின் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஹேஸ்மாவில் அன்று காலையே வரிசை நின்றது. ஓர்னாவாக நடித்த நடிகைக்கு இப்போது 61 வயது என்று ஒரு அட்டையில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த படத்தில் அவர் வந்தால் வயது பிசகக் கூடாது. ‘கொடிக்கம்பம்’ இயக்குநர் பத்திரிகைக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், அதை இன்னும் பாதிதான் எழுதி முடித்திருக்கிறேன். இந்த வருடத்துப் படத்துக்கு என் குறிப்பேட்டில் இப்போதைக்கு ஒரே வரி இருக்கிறது: கரையில் நின்ற வண்டிக்காரர்களில் ஒருவனின் மகள், பள்ளிக்கூடச் சுவரிலிருந்து கோடை வரைபடத்தைக் கழற்றிவிடுகிறாள்.